கை நீட்டினால் மட்டும்தான் வன்முறையா? குடும்ப வன்முறையும் 2005-ஆம் ஆண்டுச் சட்டமும்: ஓர் எளிய விளக்கம்

புகுந்த வீட்டில் தன்னால் இருக்க முடியவில்லை என்று ஒரு பெண் வாய்திறந்து சொல்லும்போது, கேட்பவர்களின் முதல் கேள்வி பெரும்பாலும் ‘கை நீட்டுகிறாரா?’ என்பதுதான். இல்லை என்று அவள் சொன்னால் பேச்சு அங்கேயே தணிந்துவிடுகிறது. ஆம் என்றால் ‘குடிக்கிறாரா?’, ‘நீ என்ன சொன்னாய்?’ என்று அடுத்த கேள்விகள் வருகின்றன. இவற்றைக் கேட்பவர்கள் அவள் மீது அக்கறை இல்லாதவர்கள் அல்லர். பெற்ற தாயும் கூடப்பிறந்தவர்களும்தான் கேட்கிறார்கள். ஆனால் குடும்ப வன்முறை என்றால் அடி, அடிக்குக் காரணம் கோபம் அல்லது குடி, அதை நாலு பேர் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைகள் அந்தக் கேள்விகளுக்குள் இருக்கின்றன. இந்த நம்பிக்கைகளால்தான் பல பெண்கள் உதவி கிடைக்க வேண்டிய இடத்திலிருந்தே திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2005-இல் இயற்றியது. அது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடும்ப வன்முறையை நாம் வீட்டுக்குள் பேசும் விதமும் இந்தச் சட்டம் பார்க்கும் விதமும் வெகுவாக வேறுபடுகின்றன. அந்த வேறுபாட்டை முதலிலிருந்து பார்ப்போம்.

அச்சம் எப்படி வேலை செய்கிறது

ஒரு வாடகை வீட்டை எண்ணிப் பாருங்கள். தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் வீட்டு உரிமையாளரின் பக்கத்தில் இருக்கிறது. ஏதோ ஒரு வாக்குவாதத்துக்குப் பிறகு அவர் இரண்டு நாள் மோட்டார் போடவில்லை. அதன் பின் அவர் ஒருமுறைகூடத் தண்ணீரை நிறுத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் குடியிருப்பவர்கள் விருந்தினர் வருவதாக இருந்தால் முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுகிறார்கள். குழந்தை சத்தம் போட்டால் அதட்டுகிறார்கள். வாடகையை ஏற்றினால் மறுபேச்சில்லாமல் கொடுக்கிறார்கள். தண்ணீர் நின்றது இரண்டு நாள்தான், ஆனால் அவர்கள் நடந்துகொள்ளும் முறை ஆண்டு முழுவதற்கும் மாறிவிட்டது.

குடும்ப வன்முறையின் அடிப்படை இயக்கமும் இதுதான். ஒருவர் அச்சத்தைக் கருவியாகக் கொண்டு இன்னொருவரின் அன்றாட முடிவுகளையெல்லாம் தன் கைக்குள் கொண்டுவருவதைக் ‘கட்டுப்பாட்டு வன்முறை’ என்று சொல்லலாம். அடி அதில் ஒரு பகுதி மட்டுமே. அச்சம் ஒருமுறை உண்டாகிவிட்ட பிறகு ஒரு பார்வையோ, கதவை அறைந்து சாத்தும் ஓசையோ அந்த வேலையைச் செய்துவிடும்.

இதை அருகில் சென்று பார்க்க, வேலைக்குப் போகும் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். மாதச் சம்பளம் அவள் பெயரில் உள்ள கணக்கில்தான் விழுகிறது. ஏடிஎம் அட்டையோ கணவனின் பர்ஸில் இருக்கிறது. நாப்கின் வாங்க இருநூறு ரூபாய் கேட்டால் எதற்கு என்று சொல்ல வேண்டும்; மீதிச் சில்லறையை இரவு மேசை மீது வைக்க வேண்டும். அவளுடைய கைப்பேசியின் அழைப்புப் பட்டியலை அவன் தினமும் பார்க்கிறான். அக்காவிடம் பன்னிரண்டு நிமிடம் பேசியிருந்தால் அவ்வளவு நேரம் பேச என்ன இருக்கிறது என்று கேட்கிறான். அலுவலகத்திலிருந்து வர அரைமணி நேரம் தாமதமானால் யாருடன் வந்தாய் என்ற கேள்வி. திருமணமான ஆறு ஆண்டுகளில் அவன் அவளை அடித்தது இரண்டே முறை. ‘கை நீட்டுகிறாரா?’ என்று யாராவது கேட்டால், ‘அப்படியெல்லாம் அடிக்கடி இல்லை’ என்றுதான் அவள் சொல்வாள். அது உண்மையும்கூட. ஆனால் தன் சம்பளத்தில் ஒரு ரூபாயையும் தன் நாளில் ஒரு மணி நேரத்தையும் அவள் சுயமாகச் செலவிட முடியாது என்பது அந்தப் பதிலில் வராது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள டுலூத் நகரில், வன்முறைக்கு ஆளான பெண்களிடம் பேசி 1980-களில் ஒரு வரைபடம் உருவாக்கப்பட்டது. சக்கர வடிவில் உள்ள அந்தப் படத்தின் நடுவில் ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்று எழுதியிருக்கும். தனிமைப்படுத்துதல், பணத்தைப் பிடித்து வைத்தல், மிரட்டல், குழந்தைகளைப் பகடைக்காயாக்குதல் போன்றவை ஆரங்களுக்கு இடையே இருக்கும். உடல் வன்முறையும் பாலியல் வன்முறையும் இவை அனைத்தையும் சுற்றி வளைத்த வெளிவட்டமாக இருக்கும். உலகின் பல நாடுகளில் ஆலோசகர்களுக்குப் பயிற்சி அளிக்க இந்தப் படம் பயன்படுகிறது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: குடும்ப வன்முறையைத் தனித்தனிச் சம்பவங்களின் எண்ணிக்கையாகப் பார்த்தால் அது பிடிபடாது, யாருடைய வாழ்க்கையை யார் முடிவு செய்கிறார் என்று பார்க்க வேண்டும்.

கோபமும் குடியும் காரணமா?

‘நல்ல மனுஷன்தான், கோபம் வந்தால் கண்மண் தெரியாது’ என்று நாம் அடிக்கடி கேட்கிறோம். கண்மண் தெரியாத கோபம் என்றால் அது மேலதிகாரியிடமும் போக்குவரத்துக் காவலரிடமும் வெளிப்பட வேண்டும். அங்கெல்லாம் அடங்கியிருக்கும் கை வீட்டுக்கு வந்த பின்தான் ஓங்குகிறது. அதுவும் பல நேரங்களில் ரவிக்கையின் கை மறைக்கும் மேற்கையிலும் முதுகிலுமாக, வெளியே தெரியாத இடம் பார்த்து விழுகிறது. யாரை அடிக்கலாம், எங்கே அடிக்கலாம் என்று தேர்ந்தெடுக்கிற அளவுக்கு நிதானம் இருக்கிறது என்றால், அங்கே நிதானம் தவறிவிட்டது என்று சொல்வது பொருந்தாது.

குடியைப் பற்றி அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. குடி வன்முறையின் அளவையும் ஆபத்தையும் கூட்டுகிறது என்பதில் ஐயமில்லை, அதனால் வீணான குடும்பங்கள் நம்மைச் சுற்றி ஏராளம். ஆயினும் குடிக்கிற எல்லோரும் மனைவியை அடிப்பதில்லை. குடிப்பழக்கமே இல்லாத வீடுகளிலும் மேலே சொன்ன கட்டுப்பாடு நடக்கிறது. குடியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று காத்திருக்கச் சொல்வது, அவன் குடியை விட்ட பிறகும் ஏடிஎம் அட்டை அவன் பர்ஸிலேயே இருக்கக்கூடும் என்பதை மறந்துவிடுகிறது.

சட்டம் எதை வன்முறை என்கிறது

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு உடல், பாலியல், சொல் மற்றும் உணர்வு, பொருளாதாரம் என்று வன்முறையை வகைப்படுத்துகிறது. முதல் இரண்டையும் விளக்க வேண்டியதில்லை. மணமாகிவிட்டதால் பாலியல் கொடுமை வன்முறை ஆகாது என்று இந்தச் சட்டம் சொல்லவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.

சொல் மற்றும் உணர்வு வன்முறை என்ற வகையில் அவமதிப்பு, ஏளனம், வசை ஆகியவை அடங்கும். குழந்தை இல்லை என்றோ ஆண் குழந்தை இல்லை என்றோ குத்திப் பேசுவதைச் சட்டமே தனியாகக் குறிப்பிடுகிறது. வீட்டு விசேஷங்களில் சிரித்துக்கொண்டே சொல்லப்படும் பேச்சுகளில் எத்தனை இதற்குள் வரும் என்று நினைத்துப் பார்த்தால், இந்தச் சொற்களை எழுதியவர்கள் நம் வீடுகளை நன்றாக அறிந்தவர்கள் என்று தோன்றும். அவளுக்கு வேண்டியவர்களைத் துன்புறுத்துவேன் என்று திரும்பத் திரும்ப மிரட்டுவதும் இதே வகைதான்.

பொருளாதார வன்முறை என்பது அவளுக்கோ குழந்தைகளுக்கோ உரிய பணத்தையும் வசதியையும் கொடுக்காமல் தடுப்பது, சீதனமாக வந்த நகையையும் பொருளையும் அவளைக் கேட்காமல் விற்பது அல்லது அடகு வைப்பது, அவள் வாழ்ந்த வீட்டுக்குள் வரவிடாமல் தடுப்பது போன்றவற்றைக் குறிக்கும். மேலே நாம் பார்த்த பெண்ணின் நிலைமை முழுவதும் இப்போது சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டுமானது என்பது பரவலான தவறான எண்ணம். மகனால் கவனிக்கப்படாமல் துன்புறுத்தப்படும் தாய், அண்ணன் வீட்டில் இருக்கும் தங்கை, கணவனை இழந்து புகுந்த வீட்டிலேயே வாழும் மருமகள், திருமணத்தை ஒத்த உறவில் வாழும் பெண் என ஒரே வீட்டில் உறவுமுறையில் வாழும் அல்லது வாழ்ந்த பெண்கள் அனைவரும் இதன்கீழ் வரலாம். யார் மீது மனுச் செய்யலாம் என்ற இடத்தில் முன்பு ‘வயது வந்த ஆண்’ என்று இருந்த சொற்களை உச்ச நீதிமன்றம் 2016-இல் நீக்கியது.

வழக்கு என்றால் சிறையா?

இந்தச் சட்டத்தைப் பற்றிய மிகப் பெரிய குழப்பம் இதுதான், அதனால் இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். ‘கேஸ் கொடுத்தால் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிடுவார்கள்’ என்ற பயத்தில் பல பெண்கள் பின்வாங்குகிறார்கள். அதே காரணத்தைச் சொல்லியே குடும்பத்தார் அவர்களைத் தடுக்கிறார்கள்.

தண்டிப்பதற்கான சட்டம் வேறாக இருக்கிறது. கணவனோ அவனுடைய உறவினரோ செய்யும் கொடுமைக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை தரும் 498-ஏ பிரிவு 1983-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86-ஆம் பிரிவுகள் இருக்கின்றன. 2005-ஆம் ஆண்டுச் சட்டம் அடிப்படையில் உரிமையியல் தீர்வு தருவது. அதாவது நடந்ததற்குத் தண்டனை தருவதைவிட, இனி நடக்காமல் தடுப்பதும் அவள் வாழ வழி செய்வதும் அதன் நோக்கம். மனுக் கொடுத்ததற்காக இச்சட்டத்தின்கீழ் யாரும் கைது செய்யப்படுவதில்லை. பொய்ப் புகார்கள் பற்றிய விவாதம் பெரும்பாலும் 498-ஏ பிரிவைச் சுற்றியே எழுந்தது. அங்கும்கூடத் தேவையை ஆராயாமல் இயந்திரத்தனமாகக் கைது செய்யக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இலேயே கூறிவிட்டது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசுவதால் இழப்பு முழுவதும் பாதுகாப்புத் தேடி வரும் பெண்ணுக்குத்தான்.

மனுவை விசாரிக்கும் நீதித்துறை நடுவர் (மாஜிஸ்திரேட்) என்னென்ன உத்தரவுகள் போடலாம் என்று பார்த்தால் இந்த நோக்கம் தெளிவாகும். அவளை நெருங்கக் கூடாது, அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போகக் கூடாது, தொலைபேசியில் தொடர்புகொள்ளக் கூடாது, வங்கிக் கணக்கையும் லாக்கரையும் தொடக் கூடாது என்று தடுப்பது ‘பாதுகாப்பு ஆணை’. மருத்துவச் செலவு, வருமான இழப்பு, அவளுக்கும் குழந்தைகளுக்குமான பராமரிப்புத் தொகை ஆகியவற்றைப் பெற்றுத்தருவது ‘பண நிவாரணம்’. குழந்தைகளைத் தற்காலிகமாக அவளிடம் ஒப்படைக்கவும் இழப்பீடு வழங்கவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. அவசரம் என்றால் எதிர்த்தரப்பைக் கேட்பதற்கு முன்பே இடைக்கால ஆணை போடலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் மட்டுமே சிறை பற்றிய பேச்சு வருகிறது: ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இவற்றில் மிக முக்கியமானது ‘வசிப்பிட ஆணை’ என்று நான் கருதுகிறேன். ‘இது என் வீடு, வெளியே போ’ என்பதுதான் பல வீடுகளில் ஓங்கியிருக்கும் கடைசி ஆயுதம். அவள் உறவுமுறையில் சேர்ந்து வாழ்ந்த வீட்டைச் சட்டம் ‘பகிர்ந்து வாழ்ந்த வீடு’ என்கிறது. அந்த வீட்டின் மீது அவளுக்குச் சொத்துரிமை இருக்கிறதோ இல்லையோ, அங்கே வசிக்கும் உரிமையை 17-ஆம் பிரிவு தருகிறது. வீடு மாமியார் பெயரில் இருந்தால் மருமகள் இந்த உரிமையைக் கோர முடியாது என்ற பொருளில் 2006 டிசம்பரில் வந்த தீர்ப்பு பல ஆண்டுகள் பெண்களுக்குத் தடையாக இருந்தது. 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, வீடு கணவனின் உறவினருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் அது பகிர்ந்து வாழ்ந்த வீடாக இருக்கலாம் என்று தீர்ப்பளித்தது. அவள் அந்த வீட்டுக்கு உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆனால் அவளை நடுத்தெருவில் நிறுத்த முடியாது.

சுருக்கமாக: இந்தச் சட்டத்தின்கீழ் மனுச் செய்வது கைதும் அல்ல, விவாகரத்தும் அல்ல. அதே வீட்டில், அதே திருமணத்தில் இருந்துகொண்டும் பாதுகாப்புக் கேட்கலாம்.

நாலு பேர் பேசித் தீர்க்கும்போது நடப்பது

இந்தியாவில் 18 முதல் 49 வயது வரையுள்ள, திருமணமான பெண்களில் சுமார் 29 சதவீதத்தினர் கணவனின் உடல் அல்லது பாலியல் வன்முறையைச் சந்தித்திருப்பதாக 2019-21-இல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் அது சுமார் 38 சதவீதம். வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி தேடியவர்கள் 14 சதவீதத்தினர் மட்டுமே. 77 சதவீதத்தினர் உதவி கேட்கவும் இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. உதவி தேடியவர்களும் பெரும்பாலும் போனது தாய்வீட்டுக்குத்தான்.

அதே ஆய்வு இன்னொன்றையும் கேட்டது. சொல்லாமல் வெளியே போனால், எதிர்த்துப் பேசினால், சரியாகச் சமைக்காவிட்டால் என்பது போன்ற ஏழு காரணங்களைக் கொடுத்து, இவற்றுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டபோது, ஏதாவது ஒரு காரணத்துக்காவது நியாயம் என்று சொன்னவர்கள் பெண்களில் 45 சதவீதத்தினர், ஆண்களில் 44 சதவீதத்தினர். மாமனார் மாமியாரை மதிக்காமல் நடப்பது என்ற காரணத்துக்கே பெண்கள் அதிகமாக ஆம் என்றார்கள். பெண்களே பெண்களுக்கு எதிரி என்று இதைப் படிப்பது மேலோட்டமான வாசிப்பு. அடிவாங்காமல் இருக்க எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சிறுவயதிலிருந்தே கற்றுத்தரப்பட்டவர்கள், அந்த விதிகளை மீறினால் அடி விழுவது இயல்பு என்று நம்புவதில் வியப்பில்லை.

இந்தப் பின்னணியில்தான் கூடத்தில் நாற்காலி போட்டு இரு வீட்டாரும் உட்காருகிறார்கள். மாமா கேட்பார்: ‘மாப்பிள்ளை, ஏன் இப்படிச் செய்றீங்க?’ அவர் சொல்வார்: ‘நேரத்துக்குச் சோறு கிடையாது மாமா, எப்பப் பார்த்தாலும் போன்தான்.’ அடுத்த ஒரு மணி நேரம் சோறும் போனும்தான் பேசப்படும். முடிவில் ‘இனிமேல் கை வைக்க மாட்டேன்’ என்று அவர் ஒரு வாக்குக் கொடுக்க, ‘நீதான்மா கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்’ என்று அவளுக்குப் பத்து நிபந்தனைகள் விதிக்கப்படும். தவறு இரு பக்கமும் சமமாகப் பிரிக்கப்பட்டுவிட்டது என்ற நிறைவோடு எல்லோரும் காபி குடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அவளோ, தன்னைச் சேர்ந்தவர்கள்கூடத் தன் பக்கம் நிற்க மாட்டார்கள் என்பதை அவனுக்கு எதிரிலேயே தெரிந்துகொண்டு அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். அவனுக்கும் அது தெரிந்துவிட்டது. அச்சத்தின் மீது இயங்கும் கட்டுப்பாட்டுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

சென்னை ஆயிரம் விளக்கில் 1992-இல் தமிழ்நாட்டின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தொடங்கப்பட்டபோது, பெண்கள் தயங்காமல் போகக்கூடிய ஓரிடம் வேண்டும் என்ற நல்ல நோக்கம் இருந்தது. அதனால் பயன் பெற்றவர்கள் நிறைய உண்டு. ஆனால் தம்பதியைச் சேர்த்து வைப்பதே வெற்றி என்ற மனநிலை அங்கும் நுழைந்துவிட்டால், கூடத்துப் பஞ்சாயத்துதான் சீருடையில் நடக்கும்.

சட்டம் சமரசத்துக்கு எதிரானது அல்ல. நடுவர் ஆலோசனைக்கு அனுப்பலாம் என்று அதிலேயே இருக்கிறது. அந்த ஆலோசனை எப்படி நடக்க வேண்டும் என்பதைத்தான் இச்சட்டத்தின்கீழ் வகுக்கப்பட்ட 2006-ஆம் ஆண்டு விதிகளின் 14-ஆவது விதி கூறுகிறது. வன்முறை நிற்கும் என்ற உறுதியைப் பெறுவதே ஆலோசனையின் நோக்கம். தான் செய்த வன்முறைக்கு எதிர்த்தரப்பு நியாயம் கற்பிப்பதை அங்கே அனுமதிக்கக் கூடாது. சோறும் போனும் அந்த அறைக்குள் வரவே முடியாது. நம் வீட்டுக் கூடங்களில் பேசித் தீர்க்க உட்காருபவர்கள் இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பேச்சின் போக்கு மாறிவிடும்.

‘இவ்வளவு நாள் ஏன் வெளியே வரவில்லை?’

மேலே சொன்னவற்றைச் சேர்த்துப் பார்த்தால் இதற்கான பதில் பெரும்பாலும் கிடைத்துவிடும். கையில் பணம் இல்லை, அக்காவோடு பேச்சு நின்றுபோயிற்று, தாய்வீடு ஒருமுறை திருப்பி அனுப்பிவிட்டது, குழந்தைகளின் பள்ளி அந்த ஊரில் இருக்கிறது. எல்லா நாளும் கெட்ட நாளாக இருப்பதில்லை என்பதும் உண்மை. மன்னிப்புக் கேட்கும் நாட்களில் மனம் நம்பவே விரும்புகிறது. அதோடு, வெளியேற முயலும் நேரமே மிகவும் ஆபத்தானது. கைநழுவும் கட்டுப்பாட்டைத் திரும்பப் பிடிக்க அவன் எதையும் செய்யத் துணியக்கூடும் என்பதை இத்துறையில் வேலை செய்பவர்கள் நன்கு அறிவார்கள். ஆகவே கிளம்பி வந்துவிடு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதும் பொறுப்பான அறிவுரை ஆகாது. எங்கே போவது, யார் உடன் வருவார், எந்தெந்தக் காகிதங்களை எடுத்துக்கொள்வது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

எங்கே போவது, என்ன கேட்பது

மாவட்டந்தோறும் சமூக நலத்துறையின்கீழ் ‘பாதுகாப்பு அலுவலர்’ இருக்கிறார். பெண் சொல்வதைக் கேட்டு, ‘குடும்ப நிகழ்வு அறிக்கை’ என்ற படிவத்தை நிரப்பி நடுவருக்கு அனுப்புவதும், அவளுக்குத் தங்குமிடமும் மருத்துவ உதவியும் கிடைக்கச் செய்வதும் அவருடைய கடமை. அந்தப் படிவத்தில் அடி, காயம் தவிர, பணம் தராதது, வேலைக்குப் போகவிடாதது, வசைச்சொல் ஆகியவற்றுக்கும் இடம் உண்டு என்பதால், தேதியும் சம்பவமுமாக ஒரு குறிப்பு வைத்திருப்பது மிகவும் உதவும். அவர் வழியாகப் போகாமல் நேரடியாக நடுவரிடமும் மனுச் செய்யலாம். முதல் விசாரணை பொதுவாக மூன்று நாட்களுக்குள் இருக்க வேண்டும், அதிலிருந்து அறுபது நாட்களுக்குள் மனுவை முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இது பல மடங்கு நீள்கிறது. அதனால் முதல் நாளே இடைக்கால ஆணை கேட்பது அவசியம்.

181 என்ற மகளிர் உதவி எண்ணை எந்த நேரத்திலும் அழைக்கலாம். மாவட்டங்களில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையங்களில் தற்காலிகத் தங்குமிடம், ஆலோசனை, சட்ட உதவி ஆகியவை ஒரே இடத்தில் கிடைக்கும். பெண் என்ற ஒரே தகுதியில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், சட்டப்பணிகள் ஆணைக்குழு வழியாக இலவசமாக வழக்கறிஞர் பெறலாம்.

அந்தப் பெண்ணே வந்து சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரோ, ஆசிரியரோ, உடன் வேலை செய்பவரோ, வன்முறை நடந்திருக்கிறது அல்லது நடக்கக்கூடும் என்று நம்பக் காரணம் இருந்தால் 4-ஆம் பிரிவின்கீழ் பாதுகாப்பு அலுவலரிடம் தெரிவிக்கலாம். நல்லெண்ணத்தில் தகவல் கொடுத்தவர் மீது எந்த வழக்கும் பொறுப்பும் வராது என்று அதே பிரிவு உறுதி தருகிறது. அவளிடம் தனியாகப் பேச வாய்ப்புக் கிடைத்தால், அவளுடைய சம்மதத்தைக் கேட்டு, எந்த நேரத்தில், எந்த எண்ணில் அழைத்தால் அவளுக்கு ஆபத்து இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு, அதையும் சேர்த்து அலுவலரிடம் சொல்லுங்கள்.